பெயருக்கு முந்திய எண்கள்

பிறந்த குழந்தைக்கு நம்மவர் உடனே பெயரிடுவதில்லை. யாழ்ப்பாணத்திலே பல குடும்பங்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பின்னரே பிள்ளை பெயர் பெறும். அதுவரை அது வெறும் 'பிள்ளை'தான். மருத்துவ நூலாரும் பச்சிளம் பருவத்தை முதல் 28 நாட்கள் என்றே வரையறுப்பர். இவ்விரு கணக்குகளும் இத்துணை நெருங்கி நிற்பதன் காரணத்தை ஆராய நான் இங்கே புகவில்லை. ஆயினும் அந்த முதல் மாதத்தைக் கடக்கும்வரை பிள்ளை நமக்குரியதென்று துணிந்து சொல்ல அஞ்சிய ஒரு காலம் எல்லாச் சமுதாயங்களிலும் இருந்தது என்பதில் ஐயமில்லை.

பெயர் பிந்தலாம், எண் பிந்துவதில்லை. பிரசவ அறையிலே குழந்தை விழுந்த கணத்திலிருந்து அதனைப் பற்றி எண்கள் எழுதப்படுகின்றன: பிறந்த நேரம், நிறை, உடல் வெப்பம், ஒரு நிமிடத்தில் விட்ட மூச்சு. பெயர் பெறாமலே மறைந்துபோகும் குழந்தைக்கு இந்த எண்களே முழு வாழ்க்கை வரலாறு. இலக்கிய ஏட்டிலே வைத்தியசாலைப் பதிவேட்டுக்கு என்ன அலுவல் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மனிதத் துயரை மறவாது எழுதி வைப்பது எழுத்தின் கடமைகளுள் ஒன்றாயின், இரவுக் கடமையில் நிற்கும் தாதி ஒருத்தி எழுதும் இரண்டு வரிகளும் எழுத்தே என்பேன். அவ்வெழுத்து எப்போது உயிரைக் காக்கிறது, எப்போது வெறுந் தாளாகக் கிடக்கிறது என்பதே என் வினா.

2022 ஆம் ஆண்டிலே உலகில் 23 இலட்சம் குழந்தைகள் பிறந்த முதல் மாதத்துக்குள் இறந்தன என ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கணித்துள்ளன. நாளொன்றுக்கு இது 6,000 க்கு மேற்பட்ட தொகை. இவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நேர்வன. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளில், உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு 27 குழந்தைகள் அவ்வாண்டில் முதல் மாதத்தைக் கடக்கவில்லை. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகிய மூன்றுமே பெருங் காரணங்கள். இம்மூன்றுக்கும் எதிராக நமக்கு வேண்டியவற்றுட் பெரும்பாலானவை விலையுயர்ந்த பொறிகள் அல்ல. உடற்சூடு, தாய்ப்பால், தூய கை, தக்க நேரத்தில் ஊட்டிய காற்று, நிறைக்கேற்ற அளவு மருந்து என்பனவே அவை. இவற்றுள் எது எந்தக் குழந்தைக்குக் கிட்டவில்லை என்பதை அறியும் வழிதான் பலவிடங்களில் இல்லை.

பரிஸ் நகரத்து வெப்பமானி

இந்த அறிவு எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1878 ஆம் ஆண்டளவில் பரிஸ் நகரத்து மகப்பேற்று மருத்துவர் ஸ்தெபான் தார்னியே, அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையிலே கோழிமுட்டைகளை அடைகாக்கும் பெட்டி ஒன்றைக் கண்டார். குறைமாதக் குழந்தைக்கும் அத்தகைய இளஞ்சூடு உதவுமே என்று அவருக்குத் தோன்றிற்று. 1880 ஐ அடுத்துப் பரிஸ் மகப்பேற்று வைத்தியசாலையில் அவருடைய வெப்பப்பெட்டி வேலை செய்யத் தொடங்கியது.

கதை இத்துடன் நின்றிருப்பின் அப்பெட்டி ஒரு விந்தைப் பொருளாகவே எஞ்சியிருக்கும். அதை மருத்துவமாக்கியது 1883 இல் வெளிவந்த கணக்கு. 2,000 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறந்த குழந்தைகளுள், பெட்டி வருமுன் நூற்றுக்கு 66 இறந்தன. வந்தபின் 38 இறந்தன. இக்கணக்கிலே நாம் கவனிக்க வேண்டியது அதன் நேர்மை. எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகக் குவித்து எண்ணாமல், ஒத்த நிறையுடையவற்றை ஒத்த நிறையுடையவற்றோடு வைத்து எண்ணினர். பின்னத்திலே தொகுதி, பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமன்றோ? இத்தனை குழந்தைகள் இறந்தன என்பது தொகுதி; எத்தகைய எத்தனை குழந்தைகளுள் இறந்தன என்பது பகுதி. பகுதி இல்லாத தொகுதி இரக்கத்தை எழுப்பும், வழியைக் காட்டாது.

தார்னியேயின் மாணவர் பியேர் பியூதேன் இன்னும் ஒரு படி சென்றார். குழந்தைகளின் உடல் வெப்பத்தை அளந்து எழுதி, உடல் மிகக் குளிர்ந்துபோன நிலையிலே வந்த சிறு குழந்தைகளுட் பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்று காட்டினார். குளிர் என்பது ஒரு சிறு அசௌகரியமன்று, அது மரணத்தின் வாசல் என்பதை வெப்பமானியும் பதிவேடும் சேர்ந்தே உலகுக்கு அறிவித்தன.

உடற்சூட்டை அளக்கக் கற்ற மருத்துவ உலகு, பிறந்தவுடன் குழந்தையின் நிலையை அளக்கக் கற்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1953 இல் நியூயோர்க் நகரத்து மயக்கமருந்து நிபுணர் வேர்ஜீனியா அப்கார், தம் பெயராலேயே பின்னர் வழங்கலான புள்ளி முறையை வெளியிட்டார். இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் மறுமொழி, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் பூச்சியம், ஒன்று, இரண்டு என்று புள்ளி இடவேண்டும். பிறந்து ஒரு நிமிடத்திலே இடவேண்டும். இம்முறையின் பெருஞ் சிறப்பு அதன் கூட்டுத்தொகையில் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஒரு நிமிடத்திலே ஒருவர் குழந்தையை உற்றுப் பார்த்தே தீரவேண்டும் என்று அது கட்டாயப்படுத்திற்று. அதுவரை தாயையே சூழ்ந்து நின்ற கண்களுள் ஒரு சோடி குழந்தையின் பக்கம் திரும்பிற்று.

இறந்து பிறந்ததா, பிறந்து இறந்ததா?

அந்த ஒரு நிமிடம் கவனிக்கப்படாத குழந்தைக்கு என்ன நேரும்? அதற்குரிய விடையைத் தன்சானியா நாட்டு வைத்தியசாலைகள் நம் காலத்திலே தந்தன.

மூச்சு விடாமற் பிறக்கும் குழந்தை நீலம் பாரித்து, அசைவற்றுக் கிடக்கும். அதன் இதயம் துடித்துக்கொண்டிருக்கலாம். அதனைத் துடைத்து, தட்டி, கையால் அழுத்தும் காற்றுப்பை ஒன்றினால் முதல் நிமிடத்துக்குள் மூச்சூட்டினால் பெரும்பாலும் பிழைக்கும். அவ்வாறு செய்யப் பயிற்சி இல்லாதவிடத்து, அது 'இறந்து பிறந்தது' என்று பதிவேட்டிலே எழுதப்படும். அவ்வாறு எழுதப்பட்ட குழந்தை உயிரோடிருந்தவர் கணக்கிலும் இல்லை, இறந்த குழந்தைகள் கணக்கிலும் இல்லை. மூச்சூட்டாமை என்னும் குறையும் அதனோடு மறைந்துவிடும்.

'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' என்னும் எளிய பயிற்சித் திட்டம் தன்சானியாவின் 8 வைத்தியசாலைகளில் மருத்துவிச்சிமாருக்குக் கற்பிக்கப்பட்டது. அதன் பேறு 2013 இல் வெளியாயிற்று. முதல் 24 மணித்தியாலத்துள் நேரும் மரணங்கள் நூற்றுக்கு 47 குறைந்தன. அதனோடு, பிரசவ வேளையிலேயே இறந்து பிறந்தனவாக எழுதப்பட்டவையும் நூற்றுக்கு 24 குறைந்தன. இந்த இரண்டாம் எண்ணைப் படித்தபோது நான் நெடுநேரம் அதனைவிட்டு அகலவில்லை. பிறந்தபின் அளிக்கும் பயிற்சி, பிறக்குமுன் இறந்த குழந்தையை எவ்வாறு மீட்கும்? முன்னர் இறந்து பிறந்தனவென்று எழுதப்பட்டவற்றுள் ஒரு பகுதி உண்மையில் இறந்து பிறக்கவில்லை என்பதே அதன் பொருள். ஒரு நிமிட மூச்சுக்காகக் காத்துக் கிடந்த குழந்தைகள் அவை. எத்தனை தாய்மார் தங்கள் வயிற்றைத் தாமே நொந்துகொண்டு வீடு திரும்பியிருப்பர்! பதிவேட்டிலே ஒரு சொல் பிழைபட்டால் எத்துணைக் கொடுமை அதனுள்ளே ஒளிந்து கிடக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எழுதிய கைக்குத் திரும்பும் கணக்கு

ஆயினும், எழுதினால் மட்டும் போதுமா? வறிய நாடுகளின் வைத்தியசாலைகளிலே எழுத்துக்குப் பஞ்சமில்லை. சேர்க்கைப் பதிவேடு, மருந்துப் பதிவேடு, மரணப் பதிவேடு, மாதாந்த அறிக்கை என்று தாதி எழுதிக் குவிக்கிறாள். மாத இறுதியிலே கூட்டுத்தொகைகள் தலைநகருக்குச் செல்லும். அங்கிருந்து திரும்பி எதுவும் வருவதில்லை. தான் எழுதியதற்கு என்ன பயன் என்று அறியாத கை நாளடைவிலே சோர்ந்து, வெற்றிடங்களை விட்டுச்செல்வதில் வியப்பென்ன?

இச்சங்கிலியை மாற்றியமைக்க முயன்ற நாடு கென்யா. அங்கே 2013 இல், சுகாதார அமைச்சும் குழந்தை மருத்துவர் சங்கமும் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 14 வைத்தியசாலைகளைக் கொண்ட மருத்துவத் தகவல் வலையமைப்பு ஒன்றைத் தொடங்கின. பின்னர் அது விரிவடைந்து பச்சிளங் குழந்தை விடுதிகளையும் தழுவிற்று. எல்லா வைத்தியசாலைகளிலும் ஒரே வகையான சேர்க்கைப் படிவம். அதிலிருந்து ஒரே முறையிலே எடுக்கும் தரவுகள். குறித்த காலத்துக்கொருமுறை அந்தந்த வைத்தியசாலைக்கே திரும்பிச் செல்லும் அறிக்கை. 'உங்கள் விடுதியில் சேர்ந்த குழந்தைகளுள் இத்தனைக்கு நிறை எழுதப்பட்டுள்ளது. இத்தனைக்கு இல்லை' என்று அவ்வறிக்கை கூறும்.

நிறை எழுதாமை சிறு குற்றமாகத் தோன்றலாம். பச்சிளங் குழந்தைக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் பாலும் நாளத்தினூடாகச் செலுத்தும் நீரும் நிறையைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. 1,200 கிராம் நிறையுள்ள குழந்தைக்கு 2,500 கிராமுக்குரிய மருந்து சென்றால் மருந்தே நஞ்சாகும். எனவே அந்த ஒரு வெற்றிடத்தின் பின்னே ஓர் உயிர் நிற்கிறது. அறிக்கைகள் திரும்பி வரத் தொடங்கியபின் அவ்வைத்தியசாலைகளிலே பதிவுகளின் முழுமை காலப்போக்கில் உயர்ந்தது. எவரும் பிரம்பெடுக்கவில்லை, எழுதியவருக்கு அவர் எழுதியதையே காட்டினர்.

சிம்பாப்வேயிலும் மலாவியிலும் 'நியோட்ரீ' என்னும் முறை இத்தூரத்தை இன்னும் குறைத்தது. தாதி டெப் கணினி ஒன்றைக் கையில் ஏந்திக் குழந்தையைச் சேர்க்கிறாள். கணினி ஒவ்வொன்றாக வினவுகிறது. உடல் வெப்பம் குறைவென்று அவள் பதிந்தவுடனே, செய்யவேண்டியது என்னவென்று அவ்விடத்திலேயே வழிகாட்டுகிறது. ஒரே எண் இருமுறை பயன் தருகிறது: முதலில் அந்தக் குழந்தைக்கு, பின்னர், விடுதியின் மொத்தக் கணக்கிலே சேர்ந்து, இனி வரப்போகும் குழந்தைகளுக்கு.

குமிழி காட்டிய குளிர்

மலாவியிலிருந்தே இன்னொரு செய்தி. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதனைச் சற்றே விரிந்த நிலையில் வைத்திருக்க, மூக்கினூடாக இடைவிடாத மெல்லிய காற்றழுத்தம் கொடுப்பர். குழாயின் மறுமுனை ஒரு போத்தல் நீரிலே மூழ்கியிருக்கும். எத்தனை சென்ரிமீற்றர் ஆழமோ அத்தனை அழுத்தம். நீரிலே குமிழிகள் எழும். மீன்தொட்டிக்குக் காற்றூட்டும் பம்பியைக் கொண்டே இதற்கொரு மலிவான கருவியை அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் ஆக்கினர். மலாவியின் பிளான்டயர் நகரத்துக் குயீன் எலிசபெத் மத்திய வைத்தியசாலையிலே அதைப் பயன்படுத்தியபோது, மூச்சுத் திணறலோடு சேர்ந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 71 பிழைத்தன; மூக்கு வழியே பிராணவாயு மட்டும் பெற்றவற்றுள் 44 பிழைத்தன. 2014 இல் வெளியான கணக்கு இது.

இத்தகைய வெற்றிக்குப் பின் கருவியை நாடெங்கும் அனுப்பிவிட்டுக் கணக்கை மூடிவிடுவதே உலக வழக்கம். மலாவியில் கணக்கை மூடவில்லை. மாவட்ட வைத்தியசாலைகளிலும் ஒவ்வொரு குழந்தையின் வெப்பநிலையையும் முடிவையும் எழுதி வந்தனர். 2019 இல் வெளியான அப்பதிவுகள் ஓர் உண்மையைக் காட்டின. உடற்சூடு சரியாயிருந்த குழந்தைகளே புதிய கருவியால் மிகுந்த பயன் பெற்றன. குளிர்ந்து வந்த குழந்தைகளுக்கு நேர்ந்த முடிவு துயரமாகவே இருந்தது. குளிர்ந்து வந்தவையோ மிகப் பல. பியூதேன் பரிஸ் நகரத்திலே எழுதியதை நூறாண்டுக்குப் பிறகு மலாவி நாட்டுத் தாதியர் தம் கையால் மறுபடியும் எழுதினர். பொறி புதிது, அதனினும் முந்தி வேண்டியது பழைய சூடு. பதிவேடு இல்லாதிருப்பின் 'கருவி பயனற்றது' என்றோ, 'தாதியர் திறமையற்றவர்' என்றோ பழி சொல்லியிருப்போம்.

தாயின் மார்பு

அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் இடத்திலே வெப்பப்பெட்டியை நம்பியிருக்க இயலாது. 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்திலே, இடநெருக்கடியிலும் பெட்டிப் பற்றாக்குறையிலும் தவித்த மருத்துவர் எட்கார் ரே சனாப்ரியா, குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோலுந் தோலும் படச் சேர்த்துக் கட்டும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று பெயர் பெற்ற இதைப் பலர் ஏழைகளுக்கான மாற்றுவழி என்றே முதலில் எண்ணினர். நெடுங்காலம், குழந்தையின் நிலை சீரான பிறகே தாயிடம் கொடுக்கவேண்டும் என்பது விதியாயிருந்தது.

அவ்விதியைச் சோதித்தவையும் எண்களே. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1,000 கிராம் முதல் 1,799 கிராம் வரை நிறையுள்ள 3,211 குழந்தைகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021 இல் வெளியாயிற்று. நிலை சீராகும்வரை காத்திருந்த குழுவிலே 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. பிறந்தவுடனே தாயின் மார்பிற் சேர்த்த குழுவிலே 12.0 இறந்தன. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே தரவுகளைக் கண்காணித்த குழுவினர், இனியும் ஒரு பகுதிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து விலக்கி வைப்பது தகாதெனக் கருதி, ஆய்வை முன்னதாகவே நிறுத்துமாறு கூறினர். 2022 இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது.

எண்கள் மனிதனை மறக்கச் செய்யும் என்று குறைகூறுவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். தாயை வெளியே நிறுத்திப் பூட்டிய கதவை இங்கே திறந்துவிட்டவை எண்களே. பாட்டிமார் சொன்னதுதானே இது என்று நாம் பெருமை பேசலாம். ஆனால் பாட்டியின் சொல்லுக்கு வைத்தியசாலைக் கதவு திறக்கவில்லை, கணக்குக்குத் திறந்தது.

பதிவேடு பொய் சொல்லும் வேளை

இவ்வாறு கூறுவதால் எண்ணெல்லாம் நன்மை என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. அச்சத்தின் கீழே எழுதிய பதிவேடு பொய் சொல்லும். குழந்தை இறந்தால் தண்டனை வரும் என்று அறிந்த இடத்திலே, 'இறந்து பிறந்தது' என்னும் சொல் மிக எளிதாகப் பேனாவுக்கு வந்துவிடும். நல்ல வைத்தியசாலையை நாடிக் கடும் நோயுற்ற குழந்தைகள் வருமாதலின் அதன் மரணத் தொகையே பெரிதாய்த் தோன்றும். பகுதியைப் பாராது தொகுதியை மட்டும் பார்ப்போர் நல்லதைத் தீயதென்பர். கென்யாவின் விடுதிகள் சிலவற்றிலே ஒரு தாதி இருபது குழந்தைகளை ஒருங்கே பார்த்ததுண்டு. அவள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு குழந்தையை ஏந்தாத நேரம். பயன்படாத வினா ஒன்றைப் படிவத்திலே சேர்ப்பவர், அந்நேரத்தைக் குழந்தைகளிடமிருந்து களவாடுகிறார் என்றே சொல்வேன்.

எனவே எண்ணுக்கும் ஓர் அறம் உண்டு. பயன்படுத்த எண்ணியதை மட்டும் கேட்க வேண்டும். கேட்டதைக் கொடுத்தவருக்கே திருப்பிக் காட்ட வேண்டும். காட்டியபின் அவர் திருத்துவதற்கு வேண்டிய ஆளும் பொருளும் தரவேண்டும். குளிரைக் கண்டுபிடித்துவிட்டுக் கம்பளித் தொப்பியும் தராத அறிக்கை தாதியின் நெஞ்சிலே இன்னொரு சுமை. அவ்வளவே.

நம் நாடு இதற்குப் புறம்பானதன்று. பிறப்பு இறப்புப் பதிவு இங்கே 1867 இல் தொடங்கியது. 1926 இல் களுத்துறையிலே முதற் சுகாதாரப் பிரிவு அமைந்தது முதல், வீடு வீடாய்ச் சென்ற மருத்துவிச்சிமார் தம் பிரிவிலுள்ள கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பெயர் சொல்லி எழுதி வந்தனர். 1946 இல் 1,000 பிறப்புக்கு 141 ஆயிருந்த சிசு மரணம் 1950 இல் 82 ஆயிற்று. மலேரியா ஒழிப்பு, உணவு, இலவச வைத்தியம், தாய்மாரின் கல்வி என்று அதன் காரணங்களைப் பற்றி அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். வாதிட முடிந்ததே பதிவேடு இருந்தமையால்தான். 2022 இல் இந்நாட்டிலே முதல் மாதத்தில் இறந்த குழந்தைகள் 1,000 க்கு ஏறத்தாழ 4. செல்வம் சேர்ந்தபின் வந்த பேறன்று இது. செல்வம் சேருமுன்னரே எண்ணத் தொடங்கிய நாட்டின் பேறு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. கவிதையைப் படிக்கக் கற்பிக்கும் நாம், ஒரு வீதத்தைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும். 'நூற்றுக்கு 66, நூற்றுக்கு 38' என்று கரும்பலகையில் எழுதி, இடையிலுள்ள 28 யாது என்று கேட்டால், கழித்தல் தெரிந்த பிள்ளை உடனே விடை சொல்லும். அந்த 28 உம் வளர்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் சென்ற குழந்தைகள் என்பதைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை.